கணக்கைக் கொண்டுபோய் எங்கே ஒளித்து வைக்கிறீர்கள்?

ஒரு மென்பொருளை எழுதியவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ள அதன் திரையைப் பார்க்க வேண்டாம். அது ஓடுகிற மெஷினை ஃபார்மேட் போடுகிற நாளில் எல்லாம் வெளியே வந்துவிடும். எதை எங்கே வைத்திருக்கிறது, எதைத் தூக்கினால் எது கூட வரும், எதை விட்டுவிட்டால் மறுநாள் காலையில் வாடிக்கையாளர் கடை வாசலில் வந்து நிற்பார் என்று அன்றைக்குத் தெரியும். நான் ரங்கூனில் மொகல் தெருவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். புது மெஷின் விற்பதைவிட, இருக்கிற மெஷினைக் காலி செய்து திரும்ப ஏற்றிக்கொடுப்பதில்தான் என் பிழைப்பில் பாதி ஓடுகிறது. மென்பொருள் எழுதுகிற தம்பிகள் மீது எனக்கு இருக்கிற கோபத்துக்கும் அதுதான் காரணம். இங்கே எழுதி வைக்கிறேன், யாராவது ஒருவர் படித்தால் போதும்.

எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. சி டிரைவ் விண்டோஸுக்கு, டி டிரைவ் நமக்கு. "எல்லாம் டி-யிலதான் தம்பி இருக்கு, சி-யை அழிச்சுக்க" என்பார்கள். சரி என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் போனதும் சி-யைத் திறந்து பார்ப்பேன். டெஸ்க்டாப் முழுக்க ஃபைல். இன்வாய்ஸ், கப்பல் பேப்பர், பிள்ளையின் பள்ளிக்கூட ஃபோட்டோ, பாதி எழுதிய கல்யாணப் பத்திரிகை. டெஸ்க்டாப் என்பது சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற இன்னொரு ஃபோல்டர் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. மெஷினைப் போட்டதும் கண்ணெதிரே தெரிகிற இடம் எப்படி சி-க்குள் இருக்கும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

டெஸ்க்டாப்பாவது தெரிகிறது. அதே யூசர் ஃபோல்டருக்குள், நிரல்கள் தங்கள் செட்டிங்ஸையும் தரவையும் போட்டு வைக்கிற ஆப்டேட்டா என்று ஒரு ஃபோல்டர் மறைந்து கிடக்கிறது. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ஏற்பாடு அது. அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்ற நீளப் பெயருக்குள் அப்ளிகேஷன் டேட்டா என்று இருந்ததைச் சுருக்கி, உள்ளே ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என்று மூன்றாகப் பிரித்தார்கள். பெரிய கம்பெனிகளில் ஒருவர் எந்த மெஷினில் லாகின் செய்தாலும் அவருடைய செட்டிங்ஸ் நெட்வொர்க் வழியாகப் பின்னாலேயே வரும். அப்படி வர வேண்டியது ரோமிங்கில். அந்த மெஷினோடு நிற்க வேண்டியது லோக்கலில். நம்பிக்கை குறைவான நிரல்களுக்கு லோக்கல்லோ. எங்கள் தெருக் கடைகளில் சர்வரும் கிடையாது, டொமைனும் கிடையாது, ஆகவே ரோமிங் எங்கேயும் போவதில்லை. ஆனாலும் அந்தப் பிரிவு எனக்கு உதவுகிறது. அவசரத்தில் ரோமிங்கை அப்படியே அள்ளிக்கொள்வேன், லோக்கலில் பொறுக்கி எடுப்பேன். ஃபயர்ஃபாக்ஸ் இதை ஒழுங்காகச் செய்கிறது. புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் இருக்கிற புரொஃபைல் ரோமிங்கில், தூக்கிப்போட்டாலும் பாதகமில்லாத கேஷ் (தற்காலிக நகல்கள்) லோக்கலில். குரோம் புக்மார்க்கிலிருந்து கேஷ் வரை எல்லாவற்றையும் லோக்கலிலேயே யூசர் டேட்டா என்ற ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கிறது. தெரிந்தவனுக்குப் பிரச்சினை இல்லை. தெரியாதவன் ரோமிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போய்விடுவான்.

இப்போது மஞ்சள் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸில் ஸ்டிக்கி நோட்ஸ் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. தானியம், பருப்பு வியாபாரம் செய்கிறவர்களுக்கு அதுதான் உயிர். லாரி நம்பர், கிடங்குக்காரர் ஃபோன், காலையில் சென்னையிலிருந்து வந்த விலை, யாருக்கு எத்தனை மூட்டை பாக்கி என்று எல்லாவற்றையும் அதில் போட்டு வைப்பார்கள். எக்ஸெல் ஃபைல் போனால்கூடத் தாங்கிக்கொள்வார்கள். இது போனால் கையொடிந்த மாதிரி ஆகிவிடுவார்கள். விண்டோஸ் 7-இல் அது ரோமிங்குக்குள் ஸ்டிக்கி நோட்ஸ் என்ற ஃபோல்டரில் ஒரே ஃபைலாக இருந்தது. விண்டோஸ் 10-இல் லோக்கலுக்குள் பேக்கேஜஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட் பெயரோடு எண்ணும் எழுத்தும் ஒட்டிய நீளமான ஒரு ஃபோல்டர், அதற்குள் லோக்கல்ஸ்டேட், அதற்குள் பிளம் என்ற பெயரில் எஸ்க்யூலைட் என்ற வகைச் சின்ன டேட்டாபேஸ் ஃபைல். ஸ்டிக்கி நோட்ஸ் என்று தேடுகிறவன் பிளம் என்ற பெயரைப் பார்த்து இதுதான் அது என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? கண்டுபிடித்தாலும் அதை மட்டும் எடுத்தால் போதாது. பக்கத்திலேயே அதே பெயரில் கடைசியில் 'வால்' (WAL) என்று முடிகிற இன்னொரு ஃபைல் இருக்கும். எஸ்க்யூலைட் புதிதாக எழுதுவதை முதலில் அங்கே எழுதிவிட்டு, பிறகு சாவகாசமாகப் பெரிய ஃபைலில் சேர்க்கும். அதை விட்டுவிட்டு வந்தால் பழைய சீட்டெல்லாம் இருக்கும், நேற்று எழுதியது மட்டும் இருக்காது. வியாபாரிக்கு வேண்டியதோ நேற்று எழுதியதுதான்.

இதில் யாரைக் குறை சொல்வது என்றால், சீட்டு எழுதுகிற நிரலை 'செட்டிங்ஸ்' மாதிரி நினைத்து ஒளித்து வைத்தவரைத்தான். ஜன்னல் எந்த மூலையில் திறந்தது, எழுத்து எவ்வளவு பெரியது என்பதெல்லாம் நிரலின் சொந்த சமாச்சாரம், அதை எங்கே வேண்டுமானாலும் மறைத்து வையுங்கள். மனுஷன் கையால் தட்டிய ஒரு வரி அவனுடைய சொத்து. கல்லாப்பெட்டியைப் பரண் மேல் போட்டுவிட்டு, கடைக்காரனுக்கு ஏணியையும் காட்டாமல் போனால் எப்படி?

இதைவிட மோசமான ஒன்று எங்கள் ஊர்ப் பயின்னவுங் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் நடந்தது. அங்கே பல வருடமாக ஒரு கணக்கு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளூரில் ஒருவர் விஷுவல் பேசிக் 6 (விபி) என்ற பழைய நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தது. பின்னால் கணக்கைச் சேர்த்து வைக்க மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ் டேட்டாபேஸ். எழுதியவர் இப்போது வெளிநாட்டில். நல்ல நிரல், பர்மியத் தேதி, சந்தை விடுமுறை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். டேட்டாபேஸ் மட்டும் நிரலோடு சேர்ந்து, நிரல்களை நிறுவுகிற புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருந்தது. எக்ஸ்பி இருந்த வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு விண்டோஸ் 10 மெஷின் வந்தது. முதலாளியின் மகன் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர். தனக்கொன்று, அப்பாவுக்கொன்று, கணக்கப்பிள்ளைக்கு ஒன்று என்று மூன்று லாகின் போட்டார். அது சரியான காரியம்தான்.

ஒரு நாள் மகன் தன் லாகினில் கணக்கைத் திறந்தால், முந்தின வாரம் மாக்வேயிலிருந்து வந்த ஒரு லோடு உளுந்து பதிவில் இல்லை. கணக்கப்பிள்ளையைக் கேட்டால் "பதிஞ்சிருக்கேன், பாருங்க" என்று தன் லாகினில் காட்டுகிறார். இருக்கிறது. மறுபடி மகனுடையதில் பார்த்தால் இல்லை. முதலாளியுடையதில் அந்த லோடும் இல்லை, மகன் போட்ட சில செலவும் இல்லை. கணக்கப்பிள்ளைக்கு அறுபது வயதுக்கு மேல். அவருடைய அப்பாவும் அதே மண்டியில் கணக்கு எழுதியவர். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு கணக்கு எழுதுகிறார் என்று யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த அறையில் எல்லாருடைய மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். விஸ்டாவிலிருந்து புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரண யூசர் எழுத முடியாது. அப்படியே மறுத்துவிட்டால் பழைய நிரல்கள் எல்லாம் படுத்துவிடும் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு தந்திரம் செய்தது. பழைய 32-பிட் நிரல் அங்கே எழுதப் பார்த்தால், விண்டோஸ் அந்த ஃபைலை அந்த யூசருடைய ஆப்டேட்டாவில் லோக்கலுக்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டரில் நகல் எடுத்து, அந்த நகலில் எழுத விடும். நிரலிடம் எதுவும் சொல்லாது. நிரலோ தான் புரோகிராம் ஃபைல்ஸில் எழுதிக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். மூன்று லாகின் என்றால் மூன்று நகல். ஒவ்வொருவரும் முதல் நாள் கணக்கிலிருந்து தனித்தனியே பிரிந்து போய்க்கொண்டே இருப்பார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, நிரலை வலது கிளிக் செய்து 'அட்மினிஸ்ட்ரேட்டராக' ஓட்டினால் இந்தத் திருப்பிவிடுதல் நடக்காது. அப்போது புரோகிராம் ஃபைல்ஸில் கிடக்கிற அசல், அதாவது நிறுவிய நாளன்று இருந்த கணக்கு, நான்காவதாக எழுந்து வரும். விண்டோஸ் 7-இலாவது எக்ஸ்புளோரரில் அந்த ஃபோல்டரைத் திறந்தால் மேலே 'கம்பேட்டபிலிட்டி ஃபைல்ஸ்' என்று ஒரு பட்டன் தெரியும், சந்தேகம் வந்தவன் பிடித்துவிடலாம்.

மூன்றையும் தேடி எடுத்து ஒரே மேசையில் திறந்து காட்டினேன். கணக்கப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். முதலாளி டீ வரவழைத்தார். மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மூன்றிலும் ரசீது எண் ஒரே இடத்திலிருந்து ஓடியிருந்ததால் ஒரே எண்ணில் மூன்று வேறு பதிவுகள். அவர்கள் மூவரும் உட்கார்ந்து தாள் தாளாகச் சரிபார்த்தார்கள். நிரலை புரோகிராம் ஃபைல்ஸிலிருந்து எடுத்து டி-யில் ஒரு ஃபோல்டரில் நிறுவினேன். அங்கே எல்லா லாகினுக்கும் எழுத உரிமை உண்டு, நகல் விளையாட்டு இல்லை. அழகான தீர்வு கிடையாது, ஆனால் எழுதியவர் இல்லாத நிரலுக்கு அதற்கு மேல் என்ன செய்வது?

எழுதியவரை நான் திட்டவில்லை. அவர் கற்றுக்கொண்ட காலத்தில் அதுதான் வழக்கம். விண்டோஸ் 3.1-இல் எல்லா நிரலும் வின்.ஐஎன்ஐ என்ற ஒரே செட்டிங்ஸ் ஃபைலில் போய் ஆளுக்கொரு வரி எழுதின. அது 64 கேபி-க்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. விண்டோஸ் 95-இல் ரெஜிஸ்ட்ரி என்ற பொதுச் செட்டிங்ஸ் கிடங்கு முன்னுக்கு வந்து எல்லாரும் அதற்குள் குடியேறினார்கள். எக்ஸ்பி-யில் வீட்டுக்கு வீடு எல்லாரும் அட்மினிஸ்ட்ரேட்டர், எங்கே எழுதினாலும் யாரும் தடுக்கவில்லை. யூசர் தரவைத் தனியாக வையுங்கள் என்று விண்டோஸ் 2000 காலத்திலேயே சொல்லியிருந்தார்கள். தடுக்காத வரைக்கும் யார் கேட்கிறார்கள்? விபி-யில் நிரல் இருக்கிற இடத்தைக் கேட்டு அதன் பக்கத்திலேயே டேட்டாபேஸைத் திற என்று எழுத ஒரே ஒரு வரி போதும். அது சோம்பேறித்தனம்கூட இல்லை, பாடப்புத்தகமே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது.

அதே மண்டியில் இன்னொன்றும் கிளம்பியது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இங்கே பருப்பு வீசைக் கணக்கில் நடக்கும். ஒரு வீசை என்பது ஏறத்தாழ 1.63 கிலோ. ஏற்றுமதிப் பேப்பரில் டன். மூட்டைக்கு எத்தனை வீசை என்பது சரக்குக்குச் சரக்கு மாறும். அந்த நிரலில் 'ஒரு மூட்டைக்கு இத்தனை வீசை' என்பதை செட்டிங்ஸ் பக்கத்தில் போட வேண்டும். அதை அவர் விபி-யின் சேவ்செட்டிங் கட்டளையால் எழுதியிருந்தார். அது எங்கே போகும் என்றால், ரெஜிஸ்ட்ரியில் அந்தந்த யூசரின் பகுதியில், சாஃப்ட்வேர் என்பதன் கீழே, 'விபி அண்ட் விபிஏ புரோகிராம் செட்டிங்ஸ்' என்ற கிளைக்கு. டேட்டாபேஸில் மூட்டை எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. ஆகவே ஒரே டேட்டாபேஸை மூவரும் திறந்தாலும் மூட்டை சரியாக வரும், வீசை ஆளுக்கொன்றாக வரும்!

யூசருக்கு யூசர் செட்டிங்ஸ் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை அவர் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார். ஆனால் மூட்டைக்கு எத்தனை வீசை என்பது யாருடைய விருப்பமும் இல்லையே. அது கணக்கின் பகுதி. அதை மாற்றினால் போன வருடக் கணக்கின் அர்த்தமே மாறிவிடும். நான் வைத்துக்கொண்டிருக்கிற அளவுகோல் இதுதான்: ஒரு செட்டிங்கை மாற்றினால் திரை மட்டும் மாறுகிறதா, தொகை மாறுகிறதா? தொகை மாறினால் அது தரவோடு ஒரே ஃபைலில் இருக்கட்டும். வரி விகிதம், நாணயம், நிதியாண்டு எந்த மாதம் தொடங்குகிறது, ரசீதின் அடுத்த எண் எல்லாம் அந்தக் கூட்டம்தான். செட்டிங்ஸ் என்ற மெனுவில் இருக்கிற ஒரே காரணத்துக்காக அவற்றை ஆப்டேட்டாவுக்கோ ரெஜிஸ்ட்ரிக்கோ அனுப்பிவிடாதீர்கள். மெஷின் செத்துப்போய் டிஸ்கை மட்டும் கழற்றி என்னிடம் கொண்டு வருவார்கள். டேட்டாபேஸை எடுத்துவிடுவேன். ரெஜிஸ்ட்ரியில் இருந்ததை எடுக்க, பழைய யூசர் ஃபோல்டரில் மறைந்திருக்கிற என்டியூசர்.டாட் ஃபைலை இன்னொரு மெஷினில் ரெக்எடிட்டைத் திறந்து 'லோட் ஹைவ்' கொடுத்து ஏற்றி, உள்ளே போய்த் தேட வேண்டும். முடியும். ஆனால் அந்த எண் அங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே தேடுவதற்கு?

மெஷினில் எல்லா யூசருக்கும் பொதுவானதைப் போட சி-யில் புரோகிராம்டேட்டா என்று ஒன்று இருக்கிறது. சிலர் அது எல்லாருக்கும் திறந்த வீடு என்று நினைத்து டேட்டாபேஸை அங்கே வைக்கிறார்கள். ஒருவர் உண்டாக்கிய ஃபைலை இன்னொருவர் படிக்கலாம், ஆனால் வழக்கமான அனுமதியில் திருத்த முடியாது. நிறுவும்போதே அந்த ஃபோல்டருக்கு அனுமதி போட்டுவிட வேண்டும். அதை மறந்தால் முதலாளி முதலில் திறந்த கணக்கில் கணக்கப்பிள்ளை எழுத முடியாது.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு தலைவலியும் உண்டு. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி பர்மாவில் ஸாஜி எழுத்துருவிலிருந்து யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாறச் சொன்னார்கள். ஸாஜி, யூனிகோடில் பர்மிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய குறியீட்டு எண்களையே எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு எழுத்தை அடுக்கிய ஒன்று. அதனால் ஸாஜியில் பெயர் வைத்த ஃபோல்டரை யூனிகோடு மெஷினில் பார்த்தால் எழுத்துகள் குதறிப்போய்த் தெரியும். உள்ளே பெயர் மாறவில்லை, கண்ணுக்குத்தான் அப்படி. கடைக்காரர் என்ன செய்வார்? அசிங்கமாக இருக்கிறதே என்று சரியாகத் திருத்தி எழுதுவார். அடுத்த நாள் நிரல் பழைய பெயரில் முழுப் பாதையையும் செட்டிங்ஸில் வைத்துக்கொண்டு தேடும், கிடைக்காது. இங்கேதான் நல்ல நிரலும் கெட்ட நிரலும் பிரியும். நல்ல நிரல் "கணக்கு இருந்த இடத்தில் இல்லை, எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்கும். கெட்ட நிரல் ஒரு வார்த்தை சொல்லாமல் அதே பழைய பெயரில் புது ஃபோல்டரையும் காலியான டேட்டாபேஸையும் உண்டாக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி திறந்து நிற்கும். பத்து வருடக் கணக்கு பூஜ்யம். எனக்கு அலறி அடித்துக்கொண்டு வருகிற ஃபோன்களில் இந்த வகை நிறைய. காணாமல் போனதைக் காணோம் என்று சொல்லுங்கள் அப்பா, நீங்களாகப் புதிது செய்து வைக்காதீர்கள்.

யூசர் பெயரைத் தமிழிலோ பர்மியத்திலோ வைத்தாலும் இதே வம்புதான். விண்டோஸ் அதை மறுப்பதில்லை. யூசர்ஸுக்குள் தமிழிலேயே ஃபோல்டர் வரும், பார்க்க ஆசையாக இருக்கும். விபி 6 மாதிரிப் பழைய நிரல்கள் பாதையைப் பழைய எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றும்போது ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறி ஃபைல் பெயரில் வரவே கூடாத குறி. பிறகென்ன, ஒன்றும் திறக்காது. ஆகவே நான் முதலில் சின்ன எழுத்து ஆங்கிலத்தில் 'ஷாப்' என்று யூசர் போட்டுவிட்டு, பிறகு காட்டும் பெயரை மட்டும் தமிழில் மாற்றிக் கொடுப்பேன். ஃபோல்டர் பெயர் அப்படியே நிற்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டோடு நிறுவினால் ஈமெயிலின் முதல் ஐந்து எழுத்தை எடுத்து ஃபோல்டர் பெயராக்கிவிடும். 'கார்த்திகேயன்' பாதியில் நின்று ஒரு மாதிரிப் பெயராகிவிடும், அதைப் பிறகு சுலபமாக மாற்றவும் முடியாது.

கரண்டு. அதைச் சொல்லாமல் ரங்கூனில் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத முடியுமா? முறைவைத்து வருகிறது, முறை தவறியும் போகிறது. யுபிஎஸ் பேட்டரி செத்த கடைகளே அதிகம். செட்டிங்ஸ் ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போது போனால், திரும்ப வந்ததும் அந்த ஃபைல் பூஜ்ய அளவில் கிடக்கும், அல்லது அளவு சரியாக இருக்கும், உள்ளே வெறும் வெற்று பைட்டுகள். நிரல் திறக்கும்போதே விழுந்துவிடும். இதற்கு வைத்தியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பழைய ஃபைலைத் தொடாமல் பக்கத்தில் புது ஃபைலாக எழுது, டிஸ்க் வரை போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய், பிறகு பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வை. எந்தக் கணத்தில் கரண்டு போனாலும் பழையதோ புதியதோ ஏதாவது ஒன்று முழுசாக இருக்கும். எஸ்க்யூலைட் இதைத் தன் ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேட்டின் வழியே தானே பார்த்துக்கொள்கிறது. நீங்களே ஜேசன் என்ற எளிய உரை வடிவில் ஃபைல் எழுதுகிறீர்கள் என்றால் நீங்கள்தான் பார்க்க வேண்டும். கரண்டு போகாத ஊரில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

என் சொந்த மெஷினில் லினக்ஸ். அங்கே வேறு கூத்து. புள்ளியில் தொடங்குகிற ஃபைல் மறைந்திருக்கும் என்ற வழக்கமே பழைய யூனிக்ஸில் தற்செயலாக வந்தது என்று யூனிக்ஸ் நிரலாளர் ராப் பைக் 2012-இல் எழுதியிருந்தார். பட்டியலில் ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் (இந்த ஃபோல்டர், இதற்கு மேல் ஃபோல்டர் என்பதற்கான குறிகள்) தெரியாமல் இருக்க முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தார்கள். புள்ளியில் தொடங்குகிற எல்லாமே மறைந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு நிரலும் யூசரின் ஹோம் ஃபோல்டரில் தனக்கொரு புள்ளி ஃபோல்டரைப் போட்டது. 2003 வாக்கில், லினக்ஸ் டெஸ்க்டாப்புகளுக்குப் பொது விதி எழுதுகிற எக்ஸ்டிஜி காரர்கள் ஒழுங்கு செய்தார்கள். செட்டிங்ஸ் புள்ளி-கான்ஃபிக்கில், தரவு புள்ளி-லோக்கல்-ஷேரில், கேஷ் புள்ளி-கேஷில். பின்னால் 2021-இல் ஸ்டேட் என்று ஒன்றும் சேர்ந்தது, கடைசியாகத் திறந்த ஃபைல்கள், நடவடிக்கைப் பதிவு (லாக்) போன்றவற்றுக்கு. இது எனக்குப் பிடித்த பங்கீடு. டிஸ்க் நிறைந்தால் புள்ளி-கேஷைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். அழித்த பிறகு ஏதாவது காணாமல் போனால் தவறு நிரலை எழுதியவருடையது. ஆனால் இதிலும் யூசரின் தரவை மறைத்து வைக்கிற பழக்கம் போகவில்லை, லோக்கல்-ஷேரும் புள்ளியில்தானே தொடங்குகிறது. மேக் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. இந்தத் தெருவில் மேக் கொண்டு வருகிறவர்கள் குறைவு. அங்கே வீட்டு ஃபோல்டருக்குள் லைப்ரரி. 2011-இல் வந்த லயன் என்ற மேக் பதிப்பிலிருந்து அதையும் மறைத்துவிட்டார்கள்.

சரி, மறைக்காமல் டாக்குமென்ட்ஸில் வைத்துவிடலாமா? பெரும்பாலும் ஆம் என்பேன். ஒரு ஆனால் உண்டு. இப்போது விண்டோஸ் டாக்குமென்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் ஒன்டிரைவ் என்ற இணையக் கிடங்குக்குள் நகர்த்தப் பார்க்கிறது. இலவசம் 5 ஜிபி. எங்கள் ஊர் இணைப்பில் அது ஏறுவதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள். அது போகட்டும், ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாபேஸை இப்படி இணையத்தோடு தானே ஒத்துப்போகிற (சிங்க் ஆகிற) ஃபோல்டரில் வைத்தால் இரண்டு மெஷினில் திறந்தவர்களுக்கு இரண்டு நகல் வரும். பருப்பு மண்டிக் கதைதான், இந்த முறை வானத்திலிருந்து. கடிதம், எக்ஸெல், படம் டாக்குமென்ட்ஸில் இருக்கட்டும். நாள் முழுக்கத் திறந்தே இருக்கிற கணக்கை எங்கே வைப்பது என்று உரிமையாளரைக் கேளுங்கள்.

எங்கள் கோயில் கமிட்டிக்குத் தலைக்கட்டு வரி ரசீது போட ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பைத்தானில். முதல் தடவை திறக்கும்போது "கணக்கு எங்கே இருக்கட்டும்?" என்று கேட்கும். டி டிரைவ் இருந்தால் அங்கே 'கோயில் கணக்கு' என்று ஒரு ஃபோல்டரைத் தானே முன்மொழியும். அவர்களுடைய நம்பிக்கைக்கு நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்? குடும்பப் பட்டியல், வருட வரி, ரசீது எண், கமிட்டி முத்திரைப் படம் உட்பட எல்லாம் ஒரே எஸ்க்யூலைட் ஃபைலில். எழுத்தளவும் ஜன்னல் அளவும் ரோமிங்கில். எந்த பிரின்டர் என்பது லோக்கலில், ஏனென்றால் அது அந்த மெஷினின் சமாச்சாரம். ஜன்னலின் தலைப்பில் கணக்கு ஃபைலின் முழுப் பாதை எப்போதும் தெரியும். கமிட்டியில் ஒருவர் அது அழகாக இல்லை, எடுத்துவிடுங்கள் என்றார். "இல்லண்ணே, அது மட்டும் இருக்கட்டும்" என்றேன். அதை வைத்துத்தான் ஃபோனிலேயே "மேலே என்ன எழுதியிருக்கு, படிங்க" என்று கேட்டுப் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறேன். நிரலை நீக்கினாலும் கணக்கைத் தொடாது.

'நகல் எடு' என்று ஒரு பட்டன். ஃபைலை அப்படியே காப்பி செய்யாமல், எஸ்க்யூலைட்டில் 2019-இல் வந்த வேக்யூம் இன்டு கட்டளையால் தேதி போட்ட ஒரே ஃபைலாக மெமரி ஸ்டிக்கில் இறக்கும். வால் ஃபைல் விட்டுப்போகிற வம்பு இல்லை. பொருளாளர் ஒரு ஸ்டிக், செயலாளர் ஒரு ஸ்டிக் வைத்திருக்கிறார்கள். இப்போது இருவரும் தங்களுடையதுதான் புதியது என்கிறார்கள். திறந்ததும் கடைசி ரசீது எண்ணையும் தேதியையும் பெரிதாகக் காட்டும்படி செய்துகொண்டிருக்கிறேன், பங்குனி உத்திரத்துக்கு வரி வசூல் தொடங்குவதற்குள் கொடுக்க வேண்டும்.